திரைக்கு என்ன ஆதாரம்

என் கொழுந்தனாருக்கு ஒரு வழக்கம். மார்க்க விஷயத்தில் யார் எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆதாரம் எங்கீங்க?" என்று கேட்பார். ஒன்று, வேதத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நபிகள் சொன்னதாக, செய்ததாக உறுதியான செய்தி இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத எதையும் வீட்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். இந்த ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு இருபது வருடங்களில் எங்கள் குடும்பத்தில் அவர் நிறுத்திய காரியங்கள் கொஞ்சமல்ல. தர்காவுக்குப் போவது நின்றது. தாயத்து நின்றது. இறந்தவருக்காக மூன்றாம் நாள் ஓதும் பாத்திஹா நின்றது. என் மகனுக்குச் சுன்னத் செய்தபோது மாலை போட்டு நாலு தெரு சுற்றி வர வேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். அதுவும் நின்றது.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். நான் கணக்கு டீச்சர். பிளஸ் டூ பெண்களுக்கு இருபத்தாறு வருடமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். விடையை மட்டும் எழுதிவைத்திருந்தால் எனக்கு மார்க் போட மனசு வராது. வழி எங்கே என்று கேட்பேன். அந்த வகையில் கொழுந்தனாரும் நானும் ஒரே ரகம். குடும்பத்தில் வேறு யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நாங்கள் இருவருமே ஒப்புக்கொள்ள மாட்டோம் என்பது வேறு விஷயம்.

என் கணவர் போத்தனூரில் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தார். ரமலானுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, ஒரு முதல் பிறை அன்று, அந்தி மஃரிப் தொழுதுவிட்டு ராத்திரி டூட்டிக்குக் கிளம்பினார். ஷூ மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொன்று கையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பி வருவதற்குள் எங்கள் படுக்கையறை வேறு அறையாகிவிட்டது. கொழுந்தனார் மனைவி வாசற்படிக்குக் குறுக்கே பெரிய போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தாள். பீரோ கண்ணாடியில் பழைய செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. வளையலைக் கழற்றி, வெள்ளைச் சேலை உடுத்தி, என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். இத்தா. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் காத்திருக்க வேண்டிய காலம். எங்கள் பெண்கள் அதை "இத்தா இருக்கிறது" என்பார்கள். அந்த முதல் வாரத்தில் எனக்கு எது நடந்தாலும் ஒன்றுதான். தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தாலும் சரி என்று உட்கார்ந்திருப்பேன்.

இரண்டாவது வாரம் கொழுந்தனாரின் மகள் பொள்ளாச்சியிலிருந்து வந்தாள். ஏழு மாதம். என் கணவர் தூக்கி வளர்த்த பெண். பெரியத்தா, பெரியத்தா என்று அவர் பின்னாலேயே ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுற்றியவள். அவள் குரல் ஹாலில் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். ஆனால் அவள் உள்ளே வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா தடுப்பது கேட்டது.

"நீ உள்ள போகாத கண்ணு. வவுத்துல ஆம்பளப் புள்ளையா இருந்தா? இத்தா இருக்கறவங்க ஆம்பள முகத்துல முழிக்கக் கூடாதல்லொ?"

அந்தப் பெண் விசும்பினாள். எனக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல இந்த நாட்டில் டாக்டருக்கே அனுமதி கிடையாது. பார்க்கவும் முடியாத, கேட்கவும் கூடாத ஒரு ஆணுக்குப் பயந்து இந்தப் பெண்ணை வாசலில் நிறுத்தி அழவைக்கிறார்களா? கொழுந்தனார் ஹாலில்தான் இருந்தார். தாயத்தைக் கழற்றி வீசிய மனுஷன். இதை மட்டும் நிறுத்தவில்லை.

நான் திரையைப் பிடித்து இழுத்தேன். கயிறோடு கையில் வந்துவிட்டது.

"ஏனுங்க, இதுக்கு ஆதாரம் எங்கீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "அது… பொம்பளைங்க வழக்கமுங்க அண்ணி."

"தர்கா சந்தனக்கூடும் வழக்கம்தானுங்க. அதைய மட்டும் எப்படி நிறுத்துனீங்க?"

அந்தப் பெண் உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் வயிறு என் வயிற்றில் இடித்தது, உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. ஆணாகத்தான் இருக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. திரையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழித்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

இதெல்லாம் சுலபமாக முடிந்தது. சிக்கல் தலைமை ஆசிரியையின் போனில் வந்தது.

எங்கள் பள்ளி கிணத்துக்கடவுக்குப் பக்கம். தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள்தான் அதிகம். நாற்பத்தோரு பெண்கள் அந்த வருடம் பொதுத்தேர்வு எழுத இருந்தார்கள். ரமலான் நோன்பின் நடுவில் கணக்குப் பரீட்சை. என் இத்தா முடிவது பெருநாளுக்கும் பிறகு. தலைமை ஆசிரியை நல்ல மனுஷி, சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

"டீச்சர், உங்க வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சங்கடப்படுத்தறேன்னு நெனைக்காதீங்க. மாத்து டீச்சர் கேட்டுப் பாத்துட்டேன், கெடைக்கல. புள்ளைங்க வகைநுண்கணிதத்துலயே நிக்குதுங்க. ஒருத்தி நேத்து என்ற ரூமுக்கு வந்து அழுதுபோட்டா. ஜனவரியிலயாச்சும் வர முடியுங்களா?"

அழுதவள் யார் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தேங்காய் உரிக்கும் வேலை. இந்த ஒரு பாடத்தில் தேறிவிட்டால் அவள் வீட்டில் காலேஜுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் மாப்பிள்ளை தயாராக இருந்தான். நான்கு மாதம் பத்து நாள் கழித்து நான் போய் நின்றால் அவள் கல்யாணப் பத்திரிகை வைக்க வருவாள்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மகனும் கொழுந்தனாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகன் சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனுக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"போங்கம்மா, இதுல என்ன யோசனை? அந்தக் காலத்துல வயித்துல குழந்தை இருக்கான்னு தெரிஞ்சுக்க வச்ச சட்டம் இது. இப்ப ஸ்கேன் இருக்குது. உங்களுக்குக் கர்ப்பப்பையே எடுத்தாச்சு. காரணம் போச்சுன்னா சட்டமும் போச்சு. நாளைக்கே கலர் சேலை கட்டிட்டுக் கெளம்புங்க."

கொழுந்தனார் சூடாகிவிட்டார். "தம்பி, வேதத்துல நாலு மாசம் பத்து நாள்னு எண்ணிச் சொல்லியிருக்குது. அதுல கைவைக்க நீ யாரு, நான் யாரு? அண்ணி ஊட்லதான் இருக்கோணும். ஸ்கூலு போறதெல்லாம் கட்டாயமில்ல. சம்பாதிக்க நீ இருக்கற."

இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். என் கர்ப்பப்பையைப் பற்றி, என் சம்பளத்தைப் பற்றி, என் இறைவன் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறான் என்பதைப் பற்றி. நான் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. கரும்பலகையில் எழுதிய கணக்காக என்னை வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன். முதலில் மகனிடம் திரும்பினேன்.

"கண்ணு, மாதவிலக்கு நின்னுபோன பொம்பளைக்கும் தலாக்குக்கு அப்பறம் மூணு மாசம் காத்திருக்கணும்னு அதே வேதத்துல இருக்குது. நின்னவளுக்கு வயித்துல என்ன இருக்கும்? அப்போ நீ சொல்ற காரணம் ஒரு காரணம், ஒரே காரணமில்ல. பாதி வழியை எழுதிட்டு விடைன்னு கோடு போடாத. உங்க அத்தாவோட இருபத்தெட்டு வருசம் இருந்திருக்கேன். அதுக்கு நாலு மாசம் பத்து நாள் எனக்கு வேணும். கலர் சேலையை நீ கட்டிக்க."

மகன் போனை எடுத்து நோண்டத் தொடங்கினான். கொழுந்தனார் முகத்தில் லேசாக வெற்றி தெரிந்தது. அதை அதிக நேரம் விட்டுவைக்க எனக்கு விருப்பமில்லை.

"உங்களுக்கும் சொல்றேனுங்க. காத்திருன்னு சொல்லியிருக்குது. மறுமணம் கூடாது, அலங்காரம் கூடாது. ஒத்துக்கறேன். கணக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு எங்க சொல்லியிருக்குது? பாத்துச் சொல்லுங்க. நானும் பாக்கறேன்."

பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு தர்ஜுமா உண்டு, வேதத்தின் தமிழாக்கம். என் கல்யாணத்துக்கு வந்தது. ரமலானில் எடுத்துத் தூசி தட்டி, பெருநாள் முடிந்ததும் மேலே வைக்கிற புத்தகமாகத்தான் அது இத்தனை வருடம் இருந்தது. இப்போது எனக்கு நேரம் கிடைத்தது. பென்சிலை வைத்துக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதைப் போல, ஒரு வாரம் படித்தேன். கணவனை இழந்தவர்களைப் பற்றிய வசனங்களை மட்டும் இருபது முறையாவது படித்திருப்பேன். திரை இல்லை. கண்ணாடி இல்லை. வயிற்றுப் பிள்ளை இல்லை. இருந்ததைவிட இல்லாததுதான் என்னை அதிகம் உலுக்கியது. என் அத்தா இறந்தபோது என் அம்மா அந்த நான்கு மாதமும் ஒரு இருட்டறையில் இருந்தாள், காய்ச்சல் வந்தபோதுகூட டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. இல்லாத ஒரு வரிக்காக அவளை அப்படி வைத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னும் இருக்கிறது.

ஆனால் நான் மார்க்கத் தீர்ப்பாகப் பத்வா கொடுக்கிற ஆள் இல்லை. என் தொழில் எதுவோ அதைத்தான் நான் நிச்சயமாகச் சொல்வேன். அதனால் பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜரத்துக்குச் சொல்லி அனுப்பினேன். புதிதாக வந்தவர், முப்பது வயதுகூட இருக்காது. ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் அறை வாசலில் முக்காட்டோடு உட்கார்ந்தேன். கொழுந்தனார் கை கட்டி நின்றார். அவருக்கு ஹஜரத்துகளின் மேல் பெரிய மதிப்பு கிடையாது. பழைய கிதாபுகளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள், நேராக மூலத்துக்குப் போகாதவர்கள் என்பார்.

ஹஜரத் என் கேள்வியைக் கேட்டுவிட்டு, "பாத்துட்டுச் சொல்றேனுங்கம்மா" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவராகவே வந்தார். போனில் கிதாபுப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

"நம்ம மத்ஹபு சட்டத்துல இதுக்கு இடம் இருக்குதுங்கம்மா. புருசன் மவுத்தானவங்க தேவைக்காகப் பகல்ல வெளிய போலாம். ராத்திரி இந்த ஊட்லதான் தங்கோணும். அலங்காரம், வாசனை கூடாது. அவ்வளவுதானுங்க."

கொழுந்தனார் விடவில்லை. "கிதாபுல இருக்கட்டும். நபிமொழியில ஆதாரம் இருக்குதுங்களா?"

ஹஜரத்துக்கு நெற்றி வேர்த்தது, ஆனால் தடுமாறவில்லை. நபிகள் காலத்தில் தலாக்குக்குப் பிறகு இத்தாவில் இருந்த ஒரு பெண்மணி, தன் பேரீச்சை மரத்தில் காய் பறிக்கப் போனபோது ஒருவர் தடுத்த கதையைச் சொன்னார். அவள் நேராக நபிகளிடம் போய்க் கேட்டாள். போய்ப் பறித்துக்கொள், அதிலிருந்து தர்மமோ ஏதாவது நல்லதோ செய்வாய் என்று பதில் வந்தது.

"அது தலாக்கு ஆனவங்களுக்குங்க" என்றார் கொழுந்தனார்.

"தலாக்கு ஆனவங்களுக்குத்தானுங்க நம்ம சட்டத்துல கட்டுப்பாடு ஜாஸ்தி. இவங்களுக்குக் கம்மி."

நான் முக்காட்டுக்குள் சிரித்துவிட்டேன் என்பதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. மரத்தில் ஏறக் கிளம்பிய அந்தப் பெண்ணின் பெயர்கூட யாருக்கும் தெரியாது என்றார் ஹஜரத். தெரியாவிட்டால் என்ன? தடுத்த ஆளிடம் நின்று வாதாடாமல் நேராகப் போய்க் கேட்டாள் பாருங்கள், அவளை எனக்கு நன்றாகவே தெரியும்.

கொழுந்தனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆதாரம் கிடைத்துவிட்டால் அந்த மனுஷன் பிறகு முரண்டு பிடிக்க மாட்டார். "சரிங்க அண்ணி. பஸ்ஸுல வேண்டாம், நெரிசல். நானே கொண்டுபோய் உட்டுட்டுக் கூட்டிட்டு வாரேன்" என்றார். ஜனவரியிலிருந்து தினமும் காலையில் அவருடைய கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் வெள்ளைச் சேலையோடு நான். முன்னால் அவர். கிணத்துக்கடவு வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். மாலையில் மஃரிபுக்கு முன்னால் வீட்டில் இறக்கிவிடுவார்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் நாற்பத்தோரு பேரும் எழுந்து நின்றார்கள். என் வெறுங்கையை எல்லோரும் பார்த்தார்கள். தலைமை ஆசிரியையிடம் போய் அழுதவள் முதல் பெஞ்சில் இருந்தாள்.

"ஏன் டீச்சர், வரக்கூடாதுன்னு சொன்னாங்களே…"

"யாரு சொன்னா? ஆதாரம் இருக்குதா? நோட்டை எடு."

பிறகு எல்லாம் வேகமாகப் போனது. கொழுந்தனார் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண்தான். பிப்ரவரியில் நோன்பு தொடங்கியது. நோன்போடு நின்றுகொண்டு தினமும் நான்கு வகுப்பு எடுத்தேன், சாக்பீஸ் தூளால் தொண்டை வறண்டது. கணக்குப் பரீட்சை முடிந்து அந்த முதல் பெஞ்சுப் பெண் வெளியே வந்து தூரத்திலிருந்தே கட்டை விரலைக் காட்டினாள். பெருநாள் வந்தது. எங்கள் வீட்டில் புதுத்துணி இல்லை, பிரியாணி இல்லை. மகனும் கொழுந்தனாரும் தொழுதுவிட்டு வந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

பெருநாளுக்குப் பிறகுதான் நான் அதைக் கண்டுபிடித்தேன். இத்தா முடிகிற நாளைக் கொழுந்தனார் ஆரம்பத்திலேயே குறித்துவிட்டார். தினசரி காலண்டரைப் புரட்டி, நவம்பரிலிருந்து நான்கு மாதம், அதன் மேல் பத்து நாள் என்று எண்ணி, சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். பிறை மாதத்தில் எண்ண வேண்டியதை ஆங்கில மாதத்தில்! எழுத்துக்கு எழுத்து பிடிக்கிற ஆள், பிறையை மறந்துவிட்டு, கடையில் கொடுத்த காலண்டரை எண்ணியிருக்கிறார். என் கணவர் இறந்தது முதல் பிறையில். அப்படியானால் நான்கு மாதம் சரியாகப் பெருநாள் பிறையோடு முடிந்துவிட்டது. இரண்டு மாதம் முப்பது நாள், இரண்டு மாதம் இருபத்தொன்பது. மொத்தம் நூற்றுப் பதினெட்டு. அவர் கணக்கில் நூற்றிருபது. இரண்டு நாள் அதிகம். பெருநாளைக் கண்ணால் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை. எங்களில் யாருக்குமே உறைக்கவில்லை. அந்த வருடம் யார் பிறையைப் பார்த்தோம்?

பத்து நாள் முடிந்த மறுநாள் காலை, சுபுஹு தொழுதுவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் கணக்கை வரிசையாக எழுதினேன். கீழே "நேற்று மஃரிபோடு முடிந்தது" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். படம் எடுத்துக் கொழுந்தனாருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். என்ன ஒரு திருப்தி! அவருடைய ஆயுதத்தால் அவரையே பிடித்துவிட்டேன். பச்சைக் காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு அவர் வரும்போது வாசலில் நிற்க வேண்டும் என்று பீரோவைத் திறந்தேன்.

பீரோ கதவின் உள்பக்கத்தில் என் கணவர் மாதாமாதம் டூட்டி சார்ட்டை ஒட்டிவைப்பார். ஒவ்வொரு டூட்டியும் முடிந்து வந்ததும் அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு டிக். நவம்பர் சார்ட் அப்படியே இருந்தது. நான்கு மாதமாக வெள்ளைச் சேலை கொடியிலிருந்தே உடம்புக்கு வந்துகொண்டிருந்ததால் நான் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. டிக், டிக், டிக் என்று வந்து ஒரு கட்டத்தில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு எட்டு வெறும் கட்டம்.

கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. திரைக்காகச் சண்டை போட்டேன், பள்ளிக்காகச் சண்டை போட்டேன், வசனத்தைத் தேடினேன், நாட்களை எண்ணினேன். துக்கம் காப்பது எப்படி என்று நான்கு மாதம் எல்லோரோடும் வாதாடி ஜெயித்தவள், அதைச் செய்யவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பச்சைச் சேலையை மடித்து உள்ளே வைத்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தப் பழைய போர்வையை எடுத்தேன். தூசியைத் தட்டி, கயிற்றை ஆணியில் மாட்டி, வாசலுக்குக் குறுக்கே நானே கட்டினேன்.

பத்து மணிக்குக் கொழுந்தனார் மூச்சிரைக்க வந்தார். ஹாலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி, மன்னிச்சுக்கோங்க. ஹஜரத்துகிட்டயும் கேட்டுட்டேன். உங்க கணக்குத்தானுங்க சரி. நான் தப்பா எண்ணிப்போட்டேன். நேத்தோட முடிஞ்சுதுங்க. நீங்க வெளிய வரலாமுங்க."

"வாரேனுங்க. நீங்க குறிச்ச நாள் வரைக்கும் இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்துக்கறேன்."

"எதுக்குங்க? அதுக்கு ஆதார…"

வாய்க்கு வந்த வார்த்தையை அவர் முடிக்கவில்லை. பிறகு நாற்காலியை இழுக்கிற ஓசை கேட்டது. என் கணவர் ஷூ மாட்ட உட்காருகிற நாற்காலி. அதைத் திரைக்குப் பக்கத்தில் போட்டு அவர் உட்கார்ந்தார். அவர் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. இந்த நான்கு மாதத்தில் அவரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். செத்துப்போனது அவருக்கும் அண்ணன் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.